நாற்பது மூட்டைச் சிப்பியும் ஒரு நாக்கும்

"கடலில் விஷம் கலந்தால் முதல் தகவல் என் நாக்குக்குத்தான் வரும். அரசாங்கத்துக்கு அதற்கப்புறம்தான்."

இப்படி முழங்கியவர் நாக்கர். முழங்கிய இடம், துறைமுகத்தில் கடல்நீர் ஆய்வுக்கூடம் திறந்த விழா. அவருக்கு மேடையில் நாற்காலி கிடையாது, அழைப்பிதழில் பெயரும் கிடையாது. ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மின்சாரக்காரர் கேட்டார், அவ்வளவுதான். 'ஹலோ, ஒன்று, இரண்டு' என்று சொல்லிவிட்டு இறங்குவது உலக வழக்கம். நாக்கர் பதினான்கு நிமிடம் பேசினார். அமைச்சர் வந்து நின்ற பிறகும் பேசினார். ஆய்வுக்கூடத்தின் எல்லா இயந்திரங்களையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள், என் நாக்கை மறு தட்டில் வையுங்கள், எது இறங்குகிறது பார்ப்போம் என்று சவால் விட்டார். கூட்டம் கைதட்டியது. நாக்கை எப்படிக் கழற்றி வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதை எடுத்துவிட்டு 'நாக்கு' என்று வைத்தது. பிறகு மரியாதைக் குறைவாகப் பட்டதால் ஓர் 'அர்' சேர்த்துக்கொண்டது. துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் முப்பத்தோரு ஆண்டுகளாக அவர் பார்த்தது சாப்பிடுகிற வேலை. வளைகுடாவில் தெப்பங்களைக் கட்டி, அவற்றிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, கயிற்றில் சிப்பி வளர்ப்பவர்கள் மூட்டைகளோடு காலையில் வருவார்கள். முதல் மூட்டையைப் பிரித்து நான்கு சிப்பி எடுத்து, நசுங்கிய அலுமினியச் சட்டியில் வாய் திறக்கும்வரை வேகவைப்பார்கள். நாக்கர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் கொட்டகையில் இருமல் வந்தவன்கூட வெளியே போய்த்தான் இரும வேண்டும். அவர் "ம்" என்றால் எடை போடலாம். "ம்ஹூம்" என்றால் மூட்டை வந்த வழியே திரும்ப வேண்டும். மேல்முறையீடு கிடையாது.

அவருக்குத் திறமையே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டீசல் வாடை, சேற்று வாடை, முந்தாநாள் பிடித்ததை நேற்றுப் பிடித்ததாகச் சொல்லும் பொய், எல்லாவற்றையும் அந்த நாக்கு பிடித்தது. ஒருமுறை ஒரு மூட்டையைத் தின்று பார்த்துவிட்டு, "படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல கட்டின கயிறு" என்றார். சிப்பிக்காரர் காலில் விழாத குறை. ஆனால் விஷம் மட்டும் அந்த முப்பத்தோரு ஆண்டுகளில் ஒருநாளும் வந்ததில்லை. திருடனே வராத வீட்டின் காவல்காரர் தன் வீரத்தால்தான் திருடன் வரவில்லை என்று நினைப்பதில்லையா? அதுபோல.

அந்த நாக்கை அவர் வளர்த்த விதம் தனி. சூடான டீ கிடையாது. மிளகாய் கிடையாது. புகையிலை கிடையவே கிடையாது. "நான் இந்த நாக்குக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன், மனுஷன் கூடவே இனாமா வந்தாரு" என்று அவர் மனைவி சொல்வார்.

அந்த வருடம் இரண்டு வாரம் விடாமல் மழை பெய்தது. ஆற்று வெள்ளம் வயல்களின் உரத்தையும் நகரத்தின் சாக்கடையையும் வாரிக்கொண்டு வந்து வளைகுடாவில் கொட்டியது. பிறகு மழை நின்று, காற்றும் நின்று, வெயில் மட்டும் நின்றபாடில்லை. தண்ணீர் கொதித்து ஆறிய டீயின் நிறத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள் கரையோரம் நெத்திலிகள் வெள்ளி வயிற்றைக் காட்டி மிதந்தன. அலைதாங்கிக் கற்களில் கடற்புறாக்கள் தள்ளாடின. ஒன்று பறக்க நினைத்து, நடக்கவும் மறந்து, கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டது.

"சாராயக் கடையைப் பறவைங்களுக்கும் திறந்து விட்டுட்டாங்க போல" என்றார் எடைக்காரர். கொட்டகை சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண். எந்நேரமும் கையில் தண்ணீர்க் குப்பியோடு அலைவதால் குப்பியம்மா. கொட்டகைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் நாற்பது அடி தூரம். ஆய்வுக்கூட வாசற்படியை மிதிப்பதில்லை என்று நாக்கர் விரதம் எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே குப்பியம்மாதான் அவரிடம் வந்தார்.

"அண்ணே, நாளைக்கு ஒருநாள் மூட்டை எடுக்காதீங்க. தண்ணியில நுண்பாசி கோடிக்கணக்கா பெருகிக் கிடக்கு. மைக்ராஸ்கோப்புல பாத்துட்டேன். இதுல விஷமுள்ள ஜாதி இருக்கு. சிப்பிச் சதை பரிசோதனைக்குப் போயிருக்கு, நாளை மறுநாள் முடிவு வந்துடும்."

"பாசின்னா மீனுக்குச் சாப்பாடும்மா. சாப்பாட்டைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

"சிப்பி நாள் முழுக்கத் தண்ணியை வடிகட்டிக் குடிக்குது. விஷம் அதுக்குள்ள சேந்துக்கிட்டே போகும். சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது. தின்னவங்களுக்குத்தான் ஆகும். வேகவெச்சாலும் போகாது. மணம் கிடையாது, ருசி கிடையாது..."

"ருசி கிடையாதுன்னு யார் சொன்னது? தின்னு பாத்தியா?"

"இல்லைண்ணே."

"நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் நாக்கர். வழக்கு முடிந்தது.

மறுநாள் மூட்டை கொண்டுவர இருந்தவர் வேறு யாருமில்லை. நாக்கரின் தங்கை வீட்டுக்காரர். ஒரே தெப்பம், ஒரு வருட உழைப்பு, நாற்பது மூட்டை. பரிசோதனை முடிவு வரும்வரை சட்டப்படி தடை இல்லை. வந்த பிறகு தடை வந்தால் ஆறு வாரமோ எட்டு வாரமோ. அதற்குள் அந்த வெந்நீரில் சிப்பிகள் கயிற்றைவிட்டு உதிர்ந்துவிடும். நகரத்துச் சந்தைக்குப் போனால் அன்று மாலையே நூறு ஓட்டல் அடுப்புகளில் ஏறும். ஆகவே எல்லாம் நாக்கரின் ஒரு "ம்"மில் தொங்கியது: தங்கை குடும்பத்தின் வருடமும், முகம் தெரியாத நூறு ஓட்டல்களில் சாப்பிட உட்காரப் போகிறவர்களும்.

"மச்சான், நீங்க சொன்னா ஏத்தறேன். வேண்டாம்னா கடல்லயே விட்டுடறேன். உங்க நாக்கு மேல பாரத்தைப் போட்டுட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

"தைரியமா அறுவடை பண்ணுங்க மாப்ளே."

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். நாக்கருக்கு நான்கு நாளாகக் கடைவாய்ப் பல் வலி. வலது கன்னத்துக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பது போல. வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது? ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் ஆனைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதனால் அறுவடை நாள் காலை ஏழு மணிக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பல் மருத்துவரிடம் போனார்.

"ஊசி போட்டுத்தான் பிடுங்கணும். ரெண்டு மூணு மணி நேரம் மரத்துப்போகும்" என்றார் மருத்துவர்.

"எட்டரைக்கு எனக்கு வேலை இருக்கே."

"என்ன வேலை?"

"சாப்பிடற வேலை."

"அது எல்லாருக்கும்தான் இருக்கு. வாயைத் திறங்க."

எட்டரைக்கு நாக்கர் கொட்டகையில் நின்றார். வலது கன்னம், பாதி உதடு, பாதி நாக்கு எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருடையது போல இருந்தன. மீதிப் பாதியில் இரத்தமும் பஞ்சும் மருந்து நெடியும். சட்டியில் சிப்பிகள் வாயைத் திறந்தன. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கையும் வந்திருந்தாள், வழக்கமில்லாத வழக்கமாக. வாசலில் குப்பியம்மா. லாரி டிரைவர்கூடப் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் பாட்டை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

நாக்கர் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இடது பக்கம் உருட்டினார். அந்த மருந்து நெடியில் ரப்பர் செருப்பை மென்றாலும் அதே ருசிதான் தெரிந்திருக்கும். விழுங்கினார். இப்போது அவர் 'இன்னிக்கு எனக்கு ருசி தெரியலை' என்று நான்கு சொல் சொல்லியிருக்கலாம். பதினான்கு நிமிடம் பேசத் தெரிந்த மனிதருக்கு அந்த நான்கு சொல் வரவில்லை.

"ம்" என்றார்.

தராசு இறங்கியது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்பியம்மா தலையைக் குனிந்து நாற்பது அடி நடந்து திரும்பிப் போனார்.

மூட்டைகள் லாரியில் ஏற ஏற நாக்கர் ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பது. மூட்டைக்கு ஐம்பது கிலோ. பொய்யின் எடை இவ்வளவு துல்லியமாக யாருக்கும் போட்டுக் காட்டப்பட்டதில்லை. பத்தே காலுக்கு வலி திரும்பி வந்தது. அந்த வலியை அவர் போல் யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள். உதட்டைக் கிள்ளிப் பார்த்தார், வலித்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார்; கரித்தது, இரண்டு பக்கமும் சமமாக. நாக்கு வேலைக்குத் திரும்பிவிட்டது.

லாரி இன்னும் கிளம்பவில்லை. மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நாக்கர் யாருக்கும் தெரியாமல் சட்டியிடம் போனார். மூன்று சிப்பி மிச்சம் இருந்தது. பத்தரை மணிக்கு, ஒவ்வொன்றாக, முப்பத்தோரு ஆண்டு அனுபவத்தையும் கூட்டிச் சாட்சி வைத்து மென்றார்.

டீசல் இல்லை. சேறு இல்லை. கசப்பு இல்லை. இளம் இனிப்பு, அளவான உப்பு, வெண்ணெய் போலச் சதை. அந்தப் பருவத்திலேயே சிறந்த சிப்பி. அப்பாடா! சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? வெளியே வந்து லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போயிட்டு வாங்க மாப்ளே" என்றார். மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பாட்டு பிறந்தது. லாரி போயிற்று.

பதினொன்றே காலுக்கு உதடு மறுபடி மரத்தது.

ஊசியின் மிச்சம் என்று நினைத்தார். ஆனால் இது இடது உதடு. மருத்துவர் ஊசி போட்டது வலது பக்கம். சரி, மருந்து பக்கம் மாறி நடந்திருக்கும் என்று சமாதானம் சொன்னார். நாற்பது மூட்டை போன பிறகு எந்தச் சமாதானமும் நல்ல சமாதானம்தான். நாக்கின் நுனியில் எறும்புகள் ஊர்ந்தன. பேனாவை எடுத்தார், கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், விரல்நுனிகளில் தரை தெரியவில்லை.

பல் மருத்துவர் விரலுக்கு ஊசி போடவில்லையே.

நாக்கர் தன் பத்து விரல்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அலைதாங்கிக் கற்களின் மேல் தலை தொங்கிக் கிடந்த கடற்புறாவைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து டிரைவரை அழைத்தார். 'லாரியை நிறுத்து' என்று மனம் தெளிவாகத்தான் சொன்னது. வாய் வேறு எதையோ சொன்னது.

"லாவ்வியை நிவ்வுத்து..."

"என்னண்ணே, பட்டப்பகல்லயே பாட்டிலைத் திறந்தாச்சா?" பாட்டுக்கு மேல் டிரைவர் கத்தினார். "சரக்கு நல்லபடியா போகுது, நீங்க நடத்துங்க, நடத்துங்க!"

போன் அணைந்தது. மறுபடி அழைத்தார், எடுக்கவில்லை. எழுந்து நின்றார். கால் தரையில் படுகிறதா என்று தெரியவில்லை; தக்கை போல மிதந்தார். எடைக்காரர் எடை எந்திரத்தைக் கழுவிக்கொண்டே, "என்ன அண்ணே, டான்ஸ் எல்லாம் ஆடறீங்க?" என்றார். பதில் சொல்ல நாக்கு இல்லை. ஒவ்வொரு தூணாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆண்டாக மிதிக்காத வாசற்படியை நோக்கி, நாற்பது அடியை அவர் கடந்தார். கடைசி ஐந்தடியைத் தவழ்ந்து.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் குப்பியம்மா முதலில் நினைத்தார். அவர் தரையில் கிடப்பதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. நாக்கர் உதட்டைத் தொட்டுக் காட்டினார். விரல்களைக் காட்டினார். லாரி போன சாலையைக் காட்டினார்.

"எத்தனை சாப்பிட்டீங்க?"

நான்கு விரல்.

குப்பியம்மா முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அடுத்தது டிரைவருக்கு. மணி அடித்தது, அடித்தது, அடங்கியது. மறுபடி. மூன்றாம் தடவை மாப்பிள்ளை எடுத்தார்.

"லாரியைத் திருப்புங்க. சிப்பியில விஷம் இருக்கு."

"முடிவு நாளைக்குத்தானே வரும்னீங்க? இன்னிக்கே எப்படி வந்துச்சு? நான் சந்தை வாசல்ல நிக்கறேன்மா. முன்னாடி ரெண்டே வண்டி. என் மச்சான் தின்னு பாத்து ஒப்புதல் கொடுத்த சரக்கு இது."

"உங்க மச்சான்தான் இங்க படுத்துக் கிடக்கறாரு. பேச முடியலை அவரால."

"யாரு, என் மச்சானா? பேச முடியலையா?" மாப்பிள்ளை சிரித்தேவிட்டார். "போனை அவர்கிட்ட குடுங்க."

குப்பியம்மா போனை நாக்கரின் காதில் வைத்தார். நாக்கர் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு மாநாட்டுக்கு உரிய சொற்கள் முட்டிமோதிக்கொண்டு நின்றன. வெளியே வந்தது மூச்சு மட்டும், அதுவும் பாதி.

"மச்சான்?"

மூச்சு.

"மச்சான், ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க."

போனுக்குள் பாட்டு சட்டென்று நின்றது. கல்யாணமான நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டுகளாக மச்சான் பேசாமல் இருந்த ஒரு நிமிடத்தை மாப்பிள்ளை பார்த்ததில்லை. எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாத அத்தாட்சி அது.

"டிரைவரே" என்ற குரல் உடைந்தே வந்தது. "வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடு. நாம ஒண்ணும் விக்கலை. திருப்பு."

மருத்துவமனையில் சொன்னார்கள்: இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். விஷம் தானாக இறங்கும்வரை காத்திருக்கலாம். ஒரு குழாயைத் தொண்டையில் இறக்கி, எந்திரத்தை மூச்சுவிடச் செய்தார்கள். இயந்திரங்களை ஒரு தட்டிலும் தன் நாக்கை மறு தட்டிலும் வைக்கச் சொன்னவர், அன்று பகலும் இரவும் ஓர் இயந்திரத்தின் தயவில் கிடந்தார். அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. கண்ணிமையை அசைக்க முடியவில்லை, கேட்க முடிந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்த எந்திரத்தின் ஒவ்வொரு மூச்சையும் எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தவறிவிட, அழுதுகொண்டே திட்டினார்.

"முப்பது வருஷமா வாயை மூடுங்க, வாயை மூடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. கேட்டீங்களா? இப்பக் கேக்கறீங்களே... இப்பப் பேசித் தொலைங்களேன்!"

மறுநாள் காலை சுண்டுவிரல் அசைந்தது. மதியம் குழாயை எடுத்தார்கள். அதற்குள் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது: சிப்பிச் சதையில் அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு விஷம். வளைகுடாவுக்குத் தடை. நாற்பது மூட்டையையும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். தங்கையின் வருடம் அந்தக் குழிக்குள் போயிற்று. நூறு ஓட்டல்களில் சாப்பிட்டவர்கள் வேறு எதையோ சாப்பிட்டுவிட்டு, தாங்கள் தப்பித்தது தெரியாமலே பில்லைப் பற்றிச் சண்டை போட்டிருப்பார்கள்.

சாயங்காலம் கொட்டகை மொத்தமும் கட்டிலைச் சுற்றி நின்றது. பல் பிடுங்கிய சேதி மனைவி வழியாக மருத்துவமனை டாக்டருக்குப் போய், அவர் வழியாகக் கொட்டகைக்கு வந்திருந்தது. அது வந்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

"அதானே பாத்தேன்!" என்றார் எடைக்காரர். "ஊசி போட்டு மரத்துப்போன நாக்கு. இல்லைன்னா அண்ணன் விட்டிருப்பாரா? வாயில வெச்சதுமே துப்பியிருப்பாரு!"

"நான்கூடத் தண்ணின்னு நெனச்சுட்டேன், மன்னிச்சுடுங்கண்ணே" என்றார் டிரைவர்.

மாப்பிள்ளை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் கண் குழிந்திருந்தது. எல்லாரையும்விட அந்த ஊசியை நம்ப அவருக்குத்தான் அவசியம் இருந்தது. "தப்பு ஊசியோடது மச்சான், உங்களோடது இல்லை. தடை எடுத்ததும் மறுபடி கயிறு கட்டுவேன். அந்தக் குப்பிங்களுக்காக மூணு நாள் காத்துக்கிடக்க என்னால முடியாது. நீங்க 'ம்'னு சொன்னா போதும். பல் வலிச்சா மட்டும் ஒருநாள் லீவு போடுங்க."

கொட்டகை ஆமோதித்தது. நாக்கரின் மானம் இப்படித் தங்கத் தாம்பாளத்தில் வந்து சேர்ந்தது. அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சும்மா இருப்பது.

அப்போது குப்பியம்மா ஓர் அச்சிட்ட தாளோடு வந்தார். விஷம் சாப்பிட்டவர்களிடம் விவரம் கேட்டு அனுப்ப வேண்டும் என்று விதி. "பேச வேண்டாம்ண்ணே. முடிஞ்சா எழுதுங்க. எத்தனை, எப்ப, மணம் ருசியில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா, அவ்வளவுதான்."

எடைக்காரர் முந்திக்கொண்டார். "ஊசின்னு எழுதிக்கம்மா."

நாக்கர் பேனாவுக்குக் கை நீட்டினார். விரல்கள் இன்னும் முழுதாக அவருடையவை ஆகவில்லை. மனைவி தாளைப் பிடித்துக்கொண்டார். எழுத நேரம் பிடித்தது. எழுதி முடித்துத் தாளைக் குப்பியம்மாவிடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை உரக்கப் படிக்கத் தொடங்கினார். "எட்டரைக்கு ஒண்ணு. ஊசி இருந்தது, ருசி தெரியலை." தலையாட்டினார். "அதான் சொன்னேனே." அடுத்த வரிக்கு வந்தபோது குரல் தணிந்தது.

"பத்தரைக்கு மூணு. ஊசி தெளிஞ்ச பிறகு, உப்பு வெச்சுப் பாத்துட்டு. மணம், ருசி..."

அவர் நிமிர்ந்து நாக்கரைப் பார்த்தார். நாக்கர் பார்வையைத் திருப்பவில்லை.

"...ரொம்ப நல்லா இருந்தது."